பச்சை தெரிந்தது

பந்தயப் பருவம் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் பாய்ப்படகு கிளப்பில் உபகரணச் சோதனை நடக்கும். அதைச் செய்கிற இரண்டு பேரில் நானும் ஒருவன். சம்பளம் எதுவும் கிடையாது. ஒரு அட்டை, அதில் செருகிய படிவம், ஒரு பேனா, படகு படகாக ஏறி இறங்கிய முழங்கால் வலி, அவ்வளவுதான். படிவத்தில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உண்டா? தண்ணீரில் விழுந்தவர் பிடித்துக்கொள்ள வீசுகிற குதிரைலாட மிதவை உண்டா, அதில் படகின் பெயர் எழுதியிருக்கிறதா? எறிகயிறு உண்டா? தீயணைப்பான், வாளி, நங்கூரம், ரேடியோ, ஆபத்தில் எரித்து வெளிச்சம் காட்டுகிற ஃபிளேர் உண்டா? ஃபிளேர் காலாவதி தேதி என்ன? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். டிக் போட்டுக் கீழே கையெழுத்துப் போட்டால் அந்தப் படகு அந்தப் பருவத்துக்குத் தயார்.

இந்தப் படிவத்தை எனக்குப் பிடிக்கும் என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். கிளப்பில் பாதிப் பேருக்கு அது தலைவலி. 'கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓட்டுகிற பந்தயத்துக்கு இவ்வளவு சாமான் எதற்கு?' என்பார்கள். சோதனை நாளன்று ஒரே ஃபிளேர் பெட்டி மூன்று படகுகளில் தென்படும். எனக்கு முன்னால் அது ஓடிக்கொண்டே இருக்கும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. உலகப் பாய்ப்படகு அமைப்பின் கடற்பந்தயச் சிறப்பு விதிகளைப் பொழுதுபோக்காகவே படிக்கிற ஆள். படகின் ஓரமாக ஓடுகிற மேல் பாதுகாப்புக் கம்பியின் நடுவில் 4 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் அது 50 மி.மீ.க்கு மேல் தொய்யக் கூடாது. வாளி குறைந்தது 9 லிட்டர் பிடிக்க வேண்டும், கைப்பிடியில் கயிறு கட்டியிருக்க வேண்டும். எறிகயிறு 15 முதல் 25 மீட்டர் வரை இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வரிகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு நிம்மதி வரும். யாரோ இதற்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்ற நிம்மதி. சும்மா உட்கார்ந்து யோசித்ததும் இல்லை. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டு, நடுவழியில் புயல் பிடித்து, பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் இறங்கிப்போன படகுகள் 24. மூழ்கியவை 5 மட்டுமே. படகு ஆபத்து என்று உயிர்காப்புத் தெப்பத்துக்கு மாறியவர்களில் சிலர் இறந்தார்கள், அவர்கள் விட்டுப்போன படகு பிறகு மிதந்தபடியே கிடைத்தது. ஆளைப் படகோடு பிணைக்கிற பாதுகாப்பு வார்கள் அறுந்தன, வாரைக் கொக்கி மாட்டிய இடங்கள் பிய்ந்து வந்தன. விதிப் புத்தகம் அதற்குப் பிறகுதான் தடித்தது. 1998 சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் 6 பேர் போன பிறகு இன்னும் கொஞ்சம் தடித்தது.

அதனால் படிவத்தைத் திட்டுகிறவர்களிடம் இந்தக் கதைகளைச் சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். படிவம் நிறைந்தால் படகு பத்திரம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஆனால் உள்ளூர அப்படித்தான் நம்பியிருக்கிறேன் என்பது ஒரு புதன்கிழமை மாலை தெரிந்தது.

புதன் மாலை

வார நடுவில் நடக்கிற சின்னப் பந்தயம் அது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காக, வெளிச்சம் இருக்கும்வரை இரண்டு சுற்று. நான் ஓட்டுவது ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவர், அண்ணனின் படகில். மெயின் பாயின் கயிறு என் கையில். எங்களோடு அந்த ஆண்டுதான் சேர்ந்த ஒரு தம்பி. சுறுசுறுப்பான பையன், கொஞ்சம் அவசரக்காரன். அவனுக்குச் சொந்த லைஃப் ஜாக்கெட் இல்லாததால் படகில் இருந்த உபரி ஒன்றைக் கொடுத்திருந்தோம். தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்கிற வகை, மிதப்பு விசை 150 நியூட்டன். பந்தயக் குழு மஞ்சளும் சிவப்பும் சாய்கோடுகளாக இருக்கும் ஒய் கொடியை ஏற்றியிருந்தது. அது ஏறினால் எல்லோரும் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும்; போட்டிருந்தோம். அந்த ஜாக்கெட்டை ஆறு வாரத்துக்கு முன்பு சோதித்து டிக் போட்டதும் நான்தான். ஆமாம், நான் ஓட்டுகிற படகை நானே சோதித்தேன். கிளப்பில் இருப்பது இரண்டே சோதனையாளர்கள், மற்றவர் அன்றைக்கு வரவில்லை.

காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு போகும்போது பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்ற வேண்டிய இடம் வந்தது. தம்பி முன்பாயைத் தாங்குகிற கம்பத்தைக் கழற்ற முன்னால் போனான். ஒரு அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டது. அவன் கால் வழுக்கியதை நான் பார்க்கவில்லை. 'ஏய்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி அவன் எங்களுக்குப் பின்னால் தண்ணீரில் இருந்தான். அவ்வளவு சீக்கிரம். 6 நாட் வேகம் என்றால் நொடிக்கு 3 மீட்டர். 'ஆள் தண்ணியில!' என்று கத்தி, பாயை இழுத்து, படகைத் திருப்ப ஆரம்பிப்பதற்குள் அவன் தலை ஒரு தேங்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அலை எழும்போது அதுவும் தெரியவில்லை.

அவனைச் சுற்றி மஞ்சளாக எதுவும் விரியவில்லை என்பதுதான் முதலில் உறைத்தது. ஜாக்கெட் ஊதவில்லை. 'குஞ்சத்தை இழு, குஞ்சத்தை இழு' என்று அண்ணன் கத்தினார். தானே ஊதாவிட்டால் கையால் இழுத்து ஊதவைக்கிற கயிறு அது. தம்பி இழுத்திருக்கிறான், இரண்டு தடவை. ஒன்றும் ஆகவில்லை. நல்லவேளை அவனுக்கு நீச்சல் தெரியும், தண்ணீரும் உறைய வைக்கிற தண்ணீர் இல்லை. குளிர்ந்த நீராக இருந்திருந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே அவன் வசத்தில் இருந்திருக்காது. பத்து நிமிடத்துக்குள் விரல்கள் எதையும் பிடிக்காது.

நான் குதிரைலாட மிதவையை எடுக்கப் பின்பக்கக் கம்பிக்குப் பாய்ந்தேன். படிவத்தில் அதற்கும் டிக். பெயர் எழுதியிருந்தது, ஒளிரும் பட்டை ஒட்டியிருந்தது, விளக்கு இருந்தது. எல்லாம் இருந்தது. அதோடு, போன பருவம் ஒரு முரட்டு நாளில் அது தண்ணீரில் விழுந்து தொலையப் பார்த்ததால், பத்திரமாக இருக்கட்டும் என்று மெல்லிய கயிறு போட்டு நானே கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். அந்த முடிச்சு உப்பிலும் வெயிலிலும் கிடந்து கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். 'கத்தி' என்றேன். படகில் கத்தி உண்டு, அதற்கும் டிக். கீழே டிராயரில் இருந்தது.

சரி, கதையை இழுக்கவில்லை. எறிகயிற்றுப் பைதான் கைகொடுத்தது. படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தி அண்ணன் அதை வீசினார், மூன்றாவது வீச்சில் தம்பி பிடித்தான். பக்கத்தில் இழுத்த பிறகு இன்னொரு பாடு. நனைந்த ஆளைப் படகின் பக்கவாட்டில் கையால் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாய் ஏற்றுகிற கயிற்றை அவன் ஜாக்கெட்டின் வளையத்தில் மாட்டி வின்ச்சில் சுற்றினோம். தொடைவாரை அவன் போட்டிருக்கவில்லை. எங்கள் யாருக்கும் அதைக் கவனிக்கத் தோன்றவும் இல்லை. ஜாக்கெட் மேலே ஏறி அவன் காது வரை வந்தது, ஆள் அப்படியே கீழே நழுவினான். திரும்ப இறக்கி, கயிற்றை அக்குளுக்குக் கீழே சுற்றி, இழுத்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த படகு பாயை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றது. ஜி.பி.எஸ். தடத்தைப் பிறகு பார்த்தபோது விழுந்ததிலிருந்து ஏறும்வரை 6 நிமிடம் 40 நொடி. நாங்கள் உட்கார்ந்து ஓட்டுகிற காக்பிட்டின் தரையில் படுத்துக்கொண்டு தம்பி சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

சமையலறைத் தராசு

அந்த ஜாக்கெட்டை அன்று இரவு வீட்டுக்கு எடுத்துப் போனேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் பையில் போட்டுக்கொண்டேன். மேசையில் செய்தித்தாளை விரித்து மடிப்பைப் பிரித்தேன். இந்த வகை ஜாக்கெட்டுக்குள் நடப்பது எளிமையான விஷயம். தண்ணீரில் கரைகிற, மாத்திரை போன்ற ஒரு சின்ன வில்லை ஒரு சுருள்வில்லைப் பிடித்து வைத்திருக்கும். வில்லை கரைந்ததும் சுருள் விடுபட்டு ஒரு ஊசியை முன்னால் தள்ளும். ஊசி, 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த எஃகு உருளையின் வாயைத் துளைக்கும். வாயு பீறிட்டுப் பையை நிரப்பும். எல்லாம் சில நொடிகளில்.

வில்லை கரைந்திருந்தது. சுருள் விடுபட்டிருந்தது. உருளையைத் தொட்டேன், அது ஆடியது. இரண்டு விரலால் திருகினேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல், பாட்டில் மூடி போலச் சுழன்று கையோடு வந்துவிட்டது. அதன் வாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூடியின் நடுவில் ஊசி பட்ட தடம் ஒரு புள்ளியாக இருந்தது. பள்ளம்தான், துளை இல்லை. ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. உருளை இரண்டு மூன்று சுற்று தளர்ந்து பின்வாங்கியிருந்ததால் எட்டவில்லை. சமையலறைத் தராசில் உருளையை வைத்தேன். அதன் உடம்பில் பொறித்திருந்த எடையும் தராசு காட்டிய எடையும் ஒன்று. ஒரு கிராம் வாயு கூட வெளியே போகவில்லை. தம்பி தண்ணீரில் கையை அடித்துக்கொண்டிருந்தபோது அவன் நெஞ்சின் மேல் அவ்வளவு வாயுவும் பத்திரமாக இருந்திருக்கிறது.

எப்படித் தளர்ந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. உபரி ஜாக்கெட் என்றால் எல்லோரும் அதன் மேல் உட்காருவார்கள், அதைத் தலைக்கு வைத்துக்கொள்வார்கள், பாய்களுக்கு அடியில் திணிப்பார்கள். படகின் அதிர்வு வேறு. உருளைகள் கழலும், இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 'மாதம் ஒருமுறை திருகிப் பாருங்கள்' என்று நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் சோதனை நாளில் நான் என்ன பார்த்தேன்? அதை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஜாக்கெட்டின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல் உண்டு. இயக்கும் பகுதி தயாராக இருந்தால் அதில் பச்சை தெரியும், இயங்கி முடித்திருந்தால் சிவப்பு. நான் பார்த்தேன், பச்சை தெரிந்தது, டிக் போட்டேன். அந்த மாடலில் பச்சைக்கு அர்த்தம் வில்லையும் சுருளும் சரியாக இருக்கின்றன என்பது மட்டும்தான். உருளை இறுக்கமாக இருக்கிறதா என்பதைப் பற்றி அந்தப் பச்சைக்கு ஒன்றும் தெரியாது. உருளையையும் சேர்த்துக் காட்டுகிற மாடல்கள் இருக்கின்றன. இது அது இல்லை. ஜன்னல் பொய் சொல்லவில்லை. படிவமும் பொய் சொல்லவில்லை. குதிரைலாட மிதவை 'உண்டா' என்றுதான் கேட்டது, உண்டு. கத்தி 'உண்டா' என்றது, உண்டு. தொடைவார் உண்டு. ஒரு கட்டம் கூடத் தப்பில்லாத ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஏதாவது ஒரு வரியில் ஏமாற்றியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், அதைத் திருத்திவிடலாம்.

நான்காம் இடம்

தம்பியை ஏற்றிய பிறகு நாங்கள் பந்தயத்தைத் தொடர்ந்தோம் என்பதைச் சொல்லவில்லை. விதிப்படி அது தப்பில்லை. விழுந்த ஆள் திரும்பப் படகோடு சேர்ந்துவிட்டால் அடுத்த குறியை நோக்கிப் போகலாம். அவனே 'போகலாம் அண்ணே' என்றான். முன்னால் போன படகுகள் காற்றில்லாத இடத்தில் மாட்டிக்கொள்ள, எப்படியோ நான்காவதாக முடித்தோம். எங்களுக்கு உதவ நின்ற படகு கடைசிக்குப் போயிருந்தது. ஆபத்தில் இருப்பவருக்கு உதவியதால் இழந்ததற்குப் முறையீடுகளை விசாரிக்கிற குழு விதிப்படி புள்ளிகளை ஈடுகட்டியது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு எனக்கும் அண்ணனுக்கும். பாய்ப்படகுப் பந்தயத்தில் பெரும்பாலும் நடுவர் கிடையாது. விதியை மீறினால் நீயே ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்க வேண்டும், தேவைப்பட்டால் விலக வேண்டும் என்பதுதான் விதிப்புத்தகத்தின் அடிப்படை. அதே புத்தகத்தின் முதல் விதியில், படகில் உள்ள எல்லோருக்கும் போதுமான உயிர்காப்புச் சாதனம் இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது உடனே பயன்படுத்தத் தயாராக இருக்க வேண்டும் என்று வருகிறது. நம்மிடம் இருந்தது ஊதாத ஜாக்கெட்டும் அவிழாத மிதவையும். விலகிவிடலாம் என்றேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. இருபது வருடமாக ஓட்டுகிறவர், அன்றைக்குப் படகைத் திருப்பியதும் கயிற்றை வீசியதும் அவர்தான். 'பச்சை தெரிஞ்சுதுல்ல?' என்றார்.

'தெரிஞ்சுது.'

'அப்புறம் என்ன? உடனே பயன்படுத்த ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதானே? எறிகயிறு இருந்துச்சு. அதை வச்சுத்தானே தூக்கினோம்?'

எனக்குப் பதில் வரவில்லை. வாதமாக எடுத்துக்கொண்டால் அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. நானே வேறொரு படகுக்காக அதே வாதத்தை வைத்திருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் விதி நன்றாகத் தெரியும் என்பதுதான் சிக்கல். தம்பியை மட்டும் யாரும் கேட்கவில்லை. முடிவுப் பட்டியலில் இன்றைக்கும் நாங்கள் நான்காவதாகவே இருக்கிறோம். நான் தனியாகப் போய்ப் பந்தயக் குழுவிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் செய்தது ஒன்றுதான்: சோதனையாளர் தான் ஓட்டுகிற படகுக்குத் தானே கையெழுத்துப் போடக் கூடாது என்று குழுவுக்கு ஒரு கடிதம். காரணம் எழுதவில்லை. ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த பருவத்தில் சோதனை செய்கிற விதத்தை மாற்றினேன். 'உண்டா' என்று கேட்பதை விட்டேன். படகில் ஏறியதும் குழுவில் இருப்பதிலேயே புதிய ஆள் யார் என்று கேட்பேன், அவரைக் காக்பிட்டில் நிற்கவைத்து 'எறிகயிற்றை எடுத்து அந்த மிதவைக்கு வீசுங்கள்' என்பேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஆளைப் படகோடு பிணைக்கிற பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் கழற்றச் சொல்வேன். கொக்கியில் எனக்குத் தனி அக்கறை. 2017-இல் உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றில் ஒருவர் கயிறு மாட்டிய நிலையில் படகுக்கு வெளியே விழுந்தார். தளத்தில் இருந்த, கயிறு கட்டுகிற ஒரு கட்டையின் அடியில் கொக்கி பக்கவாட்டில் சிக்கிக்கொண்டு, வளைந்து, திறந்துகொண்டது, அவர் இறந்துபோனார். நேராக இழுத்துப் பார்த்தால் தாங்குகிற கொக்கி, பக்கவாட்டில் வளைந்தது. எதைச் சோதித்தார்கள், எது நடந்தது என்பதற்கு நடுவில் அவ்வளவுதான் தூரம்.

ஒரு படகுக்கு இவ்வளவு நேரமா என்று முணுமுணுப்பு இருந்தது. இரண்டு படகுகள் மட்டும் நினைவில் நிற்கின்றன. ஒன்று பழைய படகு, பெயின்ட் உரிந்தது. நான் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தக் குழுவின் பெண் ஒருத்தி கயிற்றை வீசிவிட்டாள், மிதவைக்கு ஒரு முழம் அருகில். குழாய் உடைந்தால் அடைக்கிற மரத்தக்கைகள் ஒவ்வொரு குழாய்த் துளைக்கும் பக்கத்திலேயே கட்டித் தொங்கின. வாளியின் கயிறு தேய்ந்து மெருகேறியிருந்தது, நிஜமாகப் பயன்படுத்துகிறவர்கள் என்று தெரிந்தது. ஆனால் ஃபிளேர்கள் காலாவதியாகி ஒரு மாதம் ஆகியிருந்தன. அடுத்தது புதுப் படகு. எல்லாம் புதுசு, எல்லாத் தேதியும் சரி. எறிகயிற்றை எடுக்கச் சொன்னேன். அந்த ஆள் இரண்டு பெட்டிகளைத் திறந்து மூடி, மூன்றாவதில் கண்டுபிடித்தார். அது கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்கப் பார்த்தார்.

பழைய படகைத் திருப்பி அனுப்பினேன். புதுப் படகுக்கு, உறைகளை எல்லாம் என் கண்ணெதிரே கிழிக்கவைத்த பிறகு, கையெழுத்துப் போட்டேன். வேறு வழி இல்லை. தேதி முடிந்த ஃபிளேரை நான் ஒருமுறை கண்டுகொள்ளாமல் விட்டால் அந்த ஃபிளேர் பெட்டி மறுபடியும் மூன்று படகுகளில் ஓட ஆரம்பிக்கும். ஆனால் அன்று இரவு புயல் அடித்து ஏதாவது ஒரு படகில் ஏறு என்று சொன்னால் எதில் ஏறுவேன் என்பது எனக்குத் தெரியும். பழைய படகின் ஸ்கிப்பருக்கும் தெரிந்திருக்கும் போல. ஒரு வாரத்தில் புது ஃபிளேர்களோடு வந்து தேதியை என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். இன்னும் பேசுவதில்லை.

எங்கள் படகைச் சோதிக்க மற்ற சோதனையாளர் வந்தார். குதிரைலாட மிதவையை இப்போது ஒரு இழுப்பில் அவிழ்கிற பட்டையில் வைத்திருக்கிறோம். தம்பி இழுத்துக் காட்டினான். கத்தி காக்பிட்டில், கயிற்றில் தொங்குகிறது. உபரி ஜாக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். புது வில்லை, புது உருளை, ஜன்னலில் பச்சை.

'உருளையை இன்னைக்குக் காலையிலதான் திருகிப் பார்த்தேன்' என்றேன்.

'சரி' என்று சொல்லிவிட்டு, அவர் மடிப்பைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார்.